தசை கழிந்த கதை

புதுக்கடையில் நான் பள்ளிக்கூட வாத்தியாராகச் சேர்ந்த காலத்தில், சாப்பாட்டுக் கடைகளில் குடிப்பதற்கு இளஞ்சிவப்பு நிறத்தில் வெந்நீர் வைப்பார்கள். பதிமுகம் என்கிற மரச்சீவலைப் போட்டுக் காய்ச்சிய நீர். மேற்குத் தாலுகாக்காரர்கள் அதைச் செம்பு செம்பாகக் குடிப்பார்கள். எனக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். நான் கிழக்கே, நெல் விளைகிற நாஞ்சில் நாட்டுக் கிராமம் ஒன்றில் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். தண்ணீருக்கு எதற்கு நிறம்? போதாக்குறைக்கு அது மலையாளத்துப் பழக்கம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. அப்போது திருவிதாங்கூரோடு கிடந்த எங்கள் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊருக்கு ஊர் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மலையாளத்துப் பழக்கம் என்றால் கற்கண்டாக இருந்தாலும் நான் துப்பிவிடுவேன்.

ஆகவே ஒரு திங்கட்கிழமை காலையில், பள்ளிக்கூடத்து ஓலை மறைப்புக்குப் பின்னால் என் சிறுநீர் அதே இளஞ்சிவப்பில் போனபோது எனக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. நேரே சாப்பாட்டுக் கடைக்குப் போய்க் கடைக்காரரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்வே, நீரு குடிக்க வெள்ளம் தாறீரா, சாயம் தாறீரா? உள்ள போன நெறத்திலயே வெளிய வருது, பாத்துக்கிடும்!"

கடைக்காரர் அசையவில்லை. "சாரே, இந்த வெள்ளத்த ஊரு முழுக்க குடிக்குது. ஒருத்தனுக்கும் செவப்பா போவல்ல. ஒமக்கு மட்டும் போவுதுண்ணா கொறை வெள்ளத்துல இல்ல."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் அன்றோடு அந்தக் கடை வெள்ளத்தைத் தொடுவதில்லை என்று வைராக்கியம் எடுத்து, வாடகை அறையில் மண்பானை வாங்கி வைத்துக் கிணற்றுத் தண்ணீர் குடித்தேன். நாலாம் நாள் சிறுநீர் முன்னைவிடச் சிவப்பாக, காவி கரைத்துவிட்ட மாதிரி போயிற்று. வலி என்று ஒன்றும் இல்லை. இரண்டு நாள் போகும், பிறகு பதினைந்து நாள் ஒன்றுமே நடக்காத மாதிரி தெளிந்திருக்கும். வலித்திருந்தால் அப்போதே பயந்திருப்பேன்.

உள்ளூர் வைத்தியரிடம் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். நாக்கைப் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எங்கயாவது போனியா மக்கா?" என்றார்.

"போன மாசம் முட்டத்துக்குப் போனேன்."

"அங்க என்னத்துக்கு?"

"லைட்ஹவுஸ் பாக்க."

வைத்தியர் கண்ணை மூடிக்கொண்டார். "கூட ஆரு?"

"நாப்பது பிள்ளையள்."

அவர் கண்ணைத் திறந்த விதத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்று நான் விளக்கி, அவர் கேட்டது வேறு விதமான போக்குவரத்தைப் பற்றி என்று அவர் எனக்கு விளக்கி முடிப்பதற்குள் எங்கள் இருவருக்கும் வியர்த்துவிட்டது. வெட்டை நோயாக இருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம். எதிரே பெண்பிள்ளை வந்தால் குடையைத் தாழ்த்திக்கொண்டு போகிறவன் நான். கடைசியில் "சூடு" என்று முடிவு செய்து நெருஞ்சில் கஷாயம் கொடுத்தார். நின்றுவிட்டது. அது தானாக நிற்கிற நாளில் நின்றது என்று எனக்கு அப்போது தெரியாது. வைத்தியருக்குப் பெரிய கும்பிடாகப் போட்டேன்.

எதிரே பெண்பிள்ளை வந்தால் குடையைத் தாழ்த்துவேன் என்றேன். அதில் ஒரு பெண்பிள்ளைக்கு மட்டும் விலக்கு. என் வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவில் இருந்தது ஒரு மூங்கில் தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் மலையாளம் கற்றுக்கொடுக்கிற டீச்சர். புதுக்கடைச் சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவருடைய மகள். நான் இந்தப் பக்கம் தமிழ் நடத்தும்போது அவளுடைய மலையாளம் தட்டி வழியாகக் கசிந்து வரும். எனக்கு மலையாளத்தில் ஒரு சொல்லும் தெரியாது, தெரிந்துகொள்ள மாட்டேன் என்று சபதமே செய்திருந்தேன். ஆனால் அந்தக் குரல் வந்தால் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்பேன். சபதம் காதுக்குப் பொருந்தாது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

அவள் எப்போதும் சிரிப்பாள். என் குடுமியைப் பார்த்துச் சிரிப்பாள், என் செந்தமிழைக் கேட்டுச் சிரிப்பாள். "சாரே, இடைவேளைக்கு மணி அடிச்சாச்சுண்ணு சொன்னாப் போதாதா? மணி ஒலித்ததுண்ணு சொல்லணுமா?" என்பாள். எனக்குக் கால் தரையில் பாவாது. இருபத்தெட்டு வயதில் ஒருவன் இவ்வளவு பைத்தியமாக இருக்கலாமா என்று எனக்கே வெட்கமாக இருக்கும், ஆனாலும் இருந்தேன்.

என் அக்காள் இதை மோப்பம் பிடித்துவிட்டாள். அப்பாவும் அம்மையும் சின்ன வயதிலேயே போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். எங்கிருந்தோ தோண்டித் துருவி டீச்சர் வீட்டார் நமக்குத் தூரத்துச் சொந்தம்தான் என்று கண்டுபிடித்துப் பெண் கேட்க நாள் பார்த்தாள். நாள் பார்த்த வாரமே சிவப்பு திரும்பி வந்தது. இந்தத் தடவை ரத்தம் என்பதில் சந்தேகமே இல்லை.

எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. மாப்பிள்ளைக்குச் சிறுநீரில் ரத்தம் போகிறது என்று தெரிந்தால் எவன் பெண் கொடுப்பான்? வெட்டை என்பான், இல்லாவிட்டால் புற்று என்பான். புற்றாகவே இருந்துவிட்டால்? கட்டின ஆறாம் மாதம் நான் செத்து, அந்தச் சிரிப்பை நானே அழித்தவன் ஆகிவிட மாட்டேனா? செத்துப்போவதைவிட எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அவளைக் கட்டிக்கொள்ளலாமா, கூடாதா என்பது தெரிந்தாக வேண்டும். அக்காளிடம் உள்ளதைச் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுது முடித்துவிட்டு, "ஏலே, அத்தானைக் கூட்டிட்டுத் திருவனந்தபுரத்துப் பெரிய ஆசுபத்திரிக்குப் போ" என்றாள்.

அத்தான் என்பவர் அக்காளின் கணவர். நிலவரி பார்க்கிற பகுதிக் கச்சேரியில் எழுத்தர். கச்சேரிக் காகிதம் எல்லாம் அந்தக் காலத்தில் மலையாளம். அதனால் மலையாளம் தமக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று நம்பியிருந்தார். நிலத்தைப் பற்றிய மலையாளம் முழுக்க அவருக்குத் தெரியும், அதை மறுக்கவில்லை. உடம்பைப் பற்றிய மலையாளம் தெரியாது. இதைத் தவிர அவருக்கு ஜோசியத்தில் தீராத பிரியம். எங்கள் வீட்டு ஜாதகம் எல்லாம் அவர் பெட்டியில்தான் இருக்கும்.

பெரிய ஆசுபத்திரியில் என்னைப் பார்த்தவர் சீமையில் படித்த டாக்டர். மலையாளி. நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உள்ளே பார்த்தால்தான் தெரியும் என்றார். பார்ப்பதற்கு ஒரு குழல் வைத்திருந்தார். பென்சில் கனத்தில் வெள்ளியாய்ப் பளபளத்தது. நுனியில் கடுகுபோல ஒரு பல்பு. அது எந்த வழியாக உள்ளே போயிற்று என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. சிறுநீர்ப்பைக்குப் போக ஆண்டவன் வைத்தது ஒரே வழிதான், அந்த வழியாகத்தான் போயிற்று. எங்கள் கிராமத்துக்கே அப்போது மின்சாரம் வரவில்லை. எனக்குள் வந்துவிட்டது.

அதற்கு முன்னால் ஒரு ஊசி போட்டிருந்தார்கள். அதில் என்ன இருந்ததோ, நான் அரை மணி நேரத்தில் மிதக்க ஆரம்பித்துவிட்டேன். மேசை, டாக்டர், கூரை எல்லாமே எனக்கு வேடிக்கையாக இருந்தன. நர்சுக்கு உயிரீற்றுப் புணர்ச்சி கற்றுக்கொடுக்க முயன்றேனாம். நல்லவேளை, அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. டாக்டர் என்னிடம் பேசிப் பயனில்லை என்று கண்டு, வெளியே நின்ற அத்தானிடம் விஷயத்தைச் சொல்லி அனுப்பிவிட்டார். ஆங்கிலத்தில் ஒரு சீட்டும் கிறுக்கிக் கொடுத்தார். அத்தான் அதை மடித்து, கையோடு கொண்டுவந்திருந்த என் ஜாதகத்துக்குள் வைத்தார்; வைத்ததோடு சரி, யாரும் வாசிக்கவில்லை.

திரும்புகிற பஸ்ஸில் அத்தான் முகம் மலர்ந்திருந்தது. "மக்கா, ஒண்ணும் இல்ல. உனக்கு தசைதான் சரியில்ல."

"தசையா?"

"டாக்டரு அவரு வாயாலயே சொன்னாரு. 'ஒரு தச, பேடிக்கண்டா. சிங்ஙம் கழிஞ்ஞு வரூ, களயாம்'ண்ணாரு. பேடிக்கண்டாண்ணா பயப்படாதே, சிங்ஙம்ணா நம்ம ஆவணி. ஆவணி கழிஞ்சா தசை கழியும்." அவர் விரல் விட்டு எண்ணினார். "உனக்கு ராகு தசையில கடைசி புத்தி ஆவணியோட முடியுது. அச்சு அசலா அதையேதான் சொல்லுகாரு! சீமையில படிச்சவனுக்கும் நம்ம சாஸ்திரம் தெரிஞ்சிருக்கு, கேட்டியா!"

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஜாதகத்தைப் பாக்காம அவருக்கு எப்படித் தெரிஞ்சுது அத்தான்?"

"உள்ள வெளக்கு போட்டுப் பாத்தவனுக்கு ராகு தெரியாதாலே?"

ஊசியின் மிதப்பு எனக்கு இன்னும் இறங்கவில்லை. அந்த மிதப்பில் இது முழுக்க நியாயமாகப் பட்டது. மிதப்பு இறங்கிய பிறகும் நியாயமாகவே பட்டது என்பதுதான் வெட்கக்கேடு. வியாதி இல்லை, வெறும் கிரகம்! புற்று இல்லை, பாம்பு! பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் தோளைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் ரப்பர்ப் பாலை அளந்து கொடுத்துவிட்டுக் குலசேகரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர். எதற்கென்று தெரியாமலேயே அவரும் சிரித்தார்.

அக்காள் ஞாயிறு தவறாமல் நாகருக்குப் பாலும் மஞ்சளும் ஊற்றினாள். ஆவணி பிறந்தது. சிவப்பு நின்றது. சொல்லி வைத்த மாதிரி நின்றது! ராகுவுக்கு நன்றி சொன்னேன், டாக்டருக்கு நன்றி சொன்னேன், பால் கறந்த மாட்டுக்குக்கூட நன்றி சொன்னேன். ஆவணிக் கடைசியில் நிச்சயதார்த்தம் நடந்தது. தையில் கல்யாணம். தலைகால் புரியாமல் திரிந்தேன். இலக்கணப் பாடத்தில் எழுவாய்க்கும் பயனிலைக்கும் உதாரணம் சொல்லும்போதுகூட எனக்குக் கல்யாணம் தவிர வேறு வாக்கியம் வரவில்லை.

ஐப்பசி மழையோடு அது திரும்பி வந்தது. இந்தத் தடவை கட்டி கட்டியாக ரத்தம். சிறுநீர் வழியில் அடைத்து, முக்கி முனகித்தான் இறங்கியது. வகுப்புக்குத் திரும்பி, பிள்ளைகளை விளையாட அனுப்பிவிட்டு, காலி பெஞ்சியில் உட்கார்ந்தேன். தட்டியைச் சுற்றிக்கொண்டு அவள் வந்தாள்.

"சாருக்கு என்ன? முகம் வெளுத்துப் போச்சே?"

கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம் சிறுநீரைப் பற்றி எப்படிப் பேசுவது? "தசை சரியில்ல டீச்சர்" என்றேன்.

"என்ன தசை?"

"ராகு தசை. ஆவணியோட கழியும்ணு திருவனந்தபுரத்து டாக்டரு சொன்னாரு. கழியல்ல."

அவள் புருவத்தைச் சுருக்கினாள். "டாக்டரா ராகு தசை பாத்தாரு? என்ன சொன்னாரு சாரே? அவரு சொன்னது மாதிரியே சொல்லுங்க."

அத்தான் சொன்னதை மலையாளத்திலேயே ஒப்பித்தேன். என் வாயிலிருந்து முதன்முதலாக வந்த மலையாளம் அதுதான். ஒரு கணம் அவள் என்னையே பார்த்தாள். அப்புறம் வாயைப் பொத்தினாள். அப்புறம் பொத்த முடியாமல் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கரும்பலகை ஆடியது.

"சாரே, களயாம்ணா எடுத்துக் களையலாம்ணு அர்த்தம். தானா கழிஞ்சு போவும்ணு இல்ல. தச ஜாதகத்துல உள்ளதும் இல்ல. தசண்ணா சதை! எங்க அம்மைக்கு மூக்குல தச வளந்து, ஆசுபத்திரியில எடுத்துக் களைஞ்சது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சாருக்கும் மூக்குலயா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"பின்ன எங்க?"

வாயால் சொல்ல முடியவில்லை. சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக் கரும்பலகையில் "சிறுநீர்ப்பை" என்று எழுதி, எழுதின கையோடு அழித்தும்விட்டேன். அவள் அதைப் படித்துவிட்டாள். சிரிப்பு நின்றது. அந்த முகம் சிரிக்காமல் இருந்து அன்றுதான் பார்த்தேன். எப்போதிலிருந்து என்று கேட்டாள், சொன்னேன். எவ்வளவு ரத்தம் என்று கேட்டாள், அதையும் சொன்னேன்.

"இண்ணைக்கே பஸ் ஏறணும்" என்றாள். "ராகுவ நான் பாத்துக்கிடுகேன்."

வாசல் வரைக்கும் போனவள் திரும்பி, "தமிழ்லயும் தசைண்ணா சதைதானே சாரே?" என்றாள்.

ஆமாம். தமிழிலும் தசை என்றால் சதைதான். ஒரு தமிழாசிரியனுக்கு மூன்று மாதமாக அது தோன்றவில்லை. மலையாளம் தெரியாததற்குச் சபதம் காரணம், தமிழ் மறந்ததற்கு என்ன காரணம் சொல்வது? பஸ்ஸில் போகும்போது வயிறு கடுத்தது, ஆனால் அதைவிட வெட்கம் கடுத்தது.

டாக்டருக்கு என்னை நினைவிருந்தது. "ஞான் சிங்ஙம் கழிஞ்ஞு வரான் பறஞ்ஞதல்லே?" என்று சத்தம் போட்டார். ஆவணி கழித்து வரச் சொன்னேனே என்கிறார். அத்தான் கையைக் கட்டிக்கொண்டு, தசை கழிந்துவிட்டது என்று நினைத்தோம், நாகருக்குக்கூடப் பால் ஊற்றினோம் என்று உண்மையைச் சொன்னார். டாக்டர் கோபமாக இருக்க எவ்வளவோ முயன்றார். முடியவில்லை. சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடி கழன்று மேசையில் விழுந்தது. அன்று முதல் அத்தானை நம்புவதை விட்டுவிட்டு, தமக்குத் தெரிந்த தமிழில் சொல் சொல்லாக என்னிடமே பேசினார்.

மறுபடி குழல், மறுபடி விளக்கு. போன தடவை சின்னதாக இருந்தது இப்போது நன்றாக வளர்ந்து உருவம் தெரிந்ததும், மாணவர்களைக் கூப்பிட்டார். பெரும்பாலும் இந்தப் பையில் வளர்கிற சதை குளத்துப் பாசி மாதிரி இழை இழையாக ஆடுமாம். எனக்கு வளர்ந்திருந்தது வழுவழுவென்று, உருண்டையாக, உள்தோலுக்கு அடியில் ஒளிந்திருந்ததாம். மேல்தோல் உரசிப் புண்ணாகி அதில்தான் ரத்தம். இப்படி ஒன்றை அவர் சீமையில் ஒரு தடவை பார்த்திருக்கிறார், இங்கே இதுதான் முதல் தடவை. "அபூர்வம்! அபூர்வம்!" என்றார். மாணவர்கள் வரிசையில் வந்து ஒவ்வொருவராகக் குழலில் கண்ணை வைத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் என் பாடத்தை இவ்வளவு கவனமாக ஒருவரும் பார்த்தது கிடையாது.

முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து, தொப்புளுக்குக் கீழே கீறி எடுத்தார்கள். நான் விழித்துக்கொண்டே இருந்தேன். தட்டில் வைத்துக் காட்டினார்கள். ஒரு நெல்லிக்காய் அளவு. இதற்கா இத்தனை பாலும் மஞ்சளும் என்று தோன்றியது. கண்ணாடிக் குப்பியில் போட்டுக்கொண்டு போனார்கள். பத்து நாள் ரப்பர்க் குழாயும் போத்தலுமாகக் கிடந்தேன். குலசேகரத்து ரப்பர் மரத்துக்குச் சிரட்டை கட்டுவது மாதிரி எனக்குப் போத்தல் கட்டியிருந்தது, சொட்டுச் சொட்டாக விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முதல் நாள் சிவப்பு. மூன்றாம் நாள் வெளிறியது. ஆறாம் நாள் தெளிந்த மஞ்சள். அந்த மஞ்சளைப் பார்த்து நான் கைதட்டினேன், பக்கத்துக் கட்டில்காரரும் கைதட்டினார்.

புறப்படுகிற அன்று டாக்டர் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். சிரிக்கவில்லை. "பார்வைக்கு சாது" என்றார். "பட்சே, இப்படிப்பட்ட கட்டியில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடாது. மைக்ராஸ்கோப்பில் பார்க்கணும். இரண்டு மாசம் ஆகும். கடிதம் எழுதாம்." கெட்டதாக இருந்தால் என்ன என்று கேட்டேன். அவர் என் முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்து போய்விட்டார். பள்ளிக்கூடத்து விலாசத்தைத்தான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

இரண்டு மாதம் என்றால் மார்கழிக் கடைசி. கல்யாணம் தை முதல் வாரம். லீவை நீட்டிக்க எழுதிக் கொடுப்பதற்காகப் புதுக்கடைக்குப் போனேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எட்டு வைத்துப் பள்ளிக்கூடத்துக்குள் போய், தட்டிக்கு அந்தப் பக்கம் நின்று அவளிடம் சொன்னேன். கடிதம் வரட்டும். அதுவரை கல்யாணத்தைத் தள்ளி வைப்போம். நல்லதென்று வந்தால் செய்துகொள்ளலாம், கெட்டதென்று வந்தால் நீ வேறு யாரையாவது கட்டிக்கொண்டு நன்றாக இரு. பஸ்ஸில் வரும்போதே ஒத்திகை பார்த்த பேச்சு. குரல் நடுங்காமல் சொல்லி முடித்ததில் எனக்கே திருப்தி.

அவள் பிள்ளைகளுக்கு எழுத்துப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த ஸ்லேட்டைக் கீழே வைத்தாள்.

"அப்போ நான் கெட்டப் போறது சாரையா, அந்தக் கடிதாசியையா?"

நான் கையில் இருந்த லீவு மனுவை நாலாக மடித்தேன்.

"கல்யாணம் சொன்ன நாள்ல நடக்கும். கடிதாசி வந்தா நான் அனுப்பி வைக்கேன். நீங்க ஊருல போய்க் கெடந்து கஞ்சி குடிங்க" என்றாள். பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்றுகூட யோசிக்காமல் நான் சிரித்தேன். தையல் இழுத்தது, வலித்தது, வலியோடு சிரித்தேன்.

கிராமத்தில் கிடந்து கஞ்சி குடித்தேன். நாலு நாளுக்கு ஒரு தடவை அவளுக்குக் கார்டு எழுதுவேன்: கடிதம் வந்ததா? அவள் பதில் எழுதுவாள்: இன்னும் வரவில்லை. மார்கழி முடிந்தது. இன்னும் வரவில்லை. அக்காள் பந்தலுக்கு ஆள் பேசினாள், அத்தான் நல்ல நேரம் குறித்தார். இந்தத் தடவை அதை இரண்டு பேரிடம் சரிபார்த்தார். கடிதம் வராதது எனக்கு ஒரு விதத்தில் தைரியமாகவும் இருந்தது. கெட்ட செய்தியாக இருந்தால் உடனே எழுதியிருப்பார்கள் என்று சொல்லிக்கொள்வேன். மறு நிமிஷமே, கெட்ட செய்தியை எழுதக் கை வராமல் இருக்கிறாரோ என்று தோன்றும். தாலி கட்டுகிற அன்று காலையில்கூட, புதுக்கடையில் பந்தலுக்குள் நுழையும்போது, தபால்காரர் எங்காவது தென்படுகிறாரா என்று பார்த்துக்கொண்டே நுழைந்தேன்.

கட்டினேன். முடிச்சை அவசர அவசரமாகப் போடத் தொடங்கினேன். குனிந்த தலை நிமிராமலேயே அவள், "பையப் போடுங்க, அவுந்திராம" என்றாள்.

மறுநாள் மத்தியானம் சாப்பாடு முடிந்து, எல்லாரும் பந்தலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, அவள் என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டுத் தன் தகரப் பெட்டியைத் திறந்தாள். புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு உறையை எடுத்துக் கையில் கொடுத்தாள். திருவனந்தபுரத்து முத்திரை. என் பெயர். முத்திரையில் இருந்த தேதியைப் பார்த்தேன். பத்து நாளைக்கு முந்தியது.

எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது. புதுமாப்பிள்ளை என்பதெல்லாம் மறந்துவிட்டது. "எனக்கு வந்த கடிதத்தை ஒளிச்சு வச்சியா? வரல்ல வரல்லண்ணு எழுதினது பொய்யா? இதுல என்ன இருக்குண்ணு..."

"என்ன இருக்குண்ணு எனக்குத் தெரியாது" என்றாள். "நல்லதுண்ணா நீங்க ஆடிக்கிட்டு வருவீங்க. கெட்டதுண்ணா வரவே மாட்டீங்க, என்னைய நல்லா இருண்ணு சொல்லிட்டுப் போயிருவீங்க. அதான் கெட்டின பெறகு தரலாம்ணு வச்சேன். இனி எங்கயும் போவ முடியாதுல்லா? பிரிங்க."

என்னால் பிரிக்க முடியவில்லை. அவளே வாங்கிப் பிரித்தாள். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த நாலு வரி. அவளுக்கு என்னைவிட ஆங்கிலம் தெரியும். லையோமயோமா என்று எழுத்துக்கூட்டினாள். தசையில் பிறந்த கட்டி என்று டாக்டர் கையால் பக்கத்தில் மலையாளத்தில் எழுதியிருந்தார். அடுத்த சொல் பினைன். அது அவளுக்கும் தெரியவில்லை. பெட்டியிலிருந்து, பள்ளிக்கூடத்தில் பரிசாக வாங்கிய அகராதியை எடுத்தாள். பக்கங்களைப் புரட்டும்போது அவள் உதடு எழுத்து எழுத்தாக முணுமுணுத்தது. நான் சுவரில் சாய்ந்து நின்றேன். பந்தலில் யாரோ பாயசம் கேட்டார்கள்.

"தயவுள்ள" என்று வாசித்தாள். "அன்பான. கெடுதி செய்யாத."

"கட்டியா?"

"கட்டிதான்."

தயவுள்ள கட்டி! நான் சிரிக்க ஆரம்பித்தேன். எனக்கு வீடு சுற்றியது, அவளைப் பிடித்துக்கொண்டு சுற்ற வேண்டும் போல இருந்தது, வெளியே ஓடிப்போய் அத்தானைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. அவளும் சிரிப்பாள் என்று திரும்பிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அந்த உறையை எடுத்துப் பார்த்தேன். வியர்வையில் நைந்து, மூலை எல்லாம் மடங்கி, என் பெயரின் மை கலைந்திருந்தது.

"பிரிக்கல்ல" என்றாள் அழுகைக்கு நடுவில். "சத்தியமா பிரிக்கல்ல. ஆனா தெனமும் வெயில்ல புடிச்சுப் பாத்தேன். ஒரு எழுத்தும் தெரியல்ல."